ஆற்றங்கரைச் சிங்கங்கள்: பெண்ணை, கெடில நாடுகளில் காவலுரிமை ஆட்சியுரிமையான வரலாறு

விலங்குகளும் பறவைகளும் மனிதரைப் போலவே நகரம் அமைத்து, மந்திரிகளை வைத்து, தூதனுப்பிச் சந்தி செய்து, சமயம் வாய்த்தபோது அச்சந்தியை முறித்துப் பகைவரின் குகையைத் தீக்கிரையாக்கும் கதைகளை நம்மவர் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கின்றனர். தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழ் வசனமாக்கி 1826ஆம் ஆண்டில் வெளிவந்த பஞ்சதந்திரத்தில், சந்திவிக்கிரகம் என்னும் பகுதி முழுவதும் காக்கைக் குலத்துக்கும் ஆந்தைக் குலத்துக்கும் இடையே மூண்ட தீராப் பகையின் சரித்திரமே ஆகும். அதனைச் சிறுவர்க்குரிய கற்பனையென்று ஒதுக்குவோர் பலர். ஆயினும் விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பிரதேசத்தின் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சாஸனங்களை ஒருமுறை பொறுமையுடன் பயின்றவர்க்கு அஃது அவ்வளவு எளிதிற் கற்பனையாகத் தோன்றாது. சிங்கம் என்றும் யானையை வென்ற மல்லன் என்றும் ஆட்கொல்லி என்றும் பெயர் பூண்ட தலைவர்கள், ஆற்றங்கரைக் கோட்டைகளில் வீற்றிருந்து, ஊராரிடம் காவற்கூலி பெற்று, தம்முள் உடன்படிக்கை எழுதி, அதனையே கோயிற் சுவரிற் பொறித்து, இறுதியில் ஒரு சக்கரவர்த்தியையே சிறையிலிட்ட வரலாறு அக்கற்களில் உள்ளது. அவ்வரலாறு எங்கே தொடங்கி எவ்வாறு வளர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இந்நாட்டின் இயல்பை நோக்குதல் வேண்டும். தொண்டை மண்டலத்துக்கும் சோழ மண்டலத்துக்கும் இடைப்பட்டமையால் நடுநாடு எனப் பெயர் பெற்ற இப்பிரதேசத்தில், நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை திருக்கோவலூரைத் தழுவிக் கடலூருக்கருகே கடலிற் கலக்கின்றது. அதற்குத் தெற்கே கெடிலம் சேந்தமங்கலம், திருவதிகை, திருவயிந்திரபுரம் என்னும் ஊர்களைத் தொட்டுச் செல்கின்றது. வடக்கே செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி திருவக்கரையை வளைந்தோடுகின்றது. காஞ்சியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் எந்தச் சேனையும், தஞ்சையிலிருந்து காஞ்சிக்கு வரும் எந்த வணிகச் சாத்தும், இவ்வாறுகளின் துறைகளைக் கடந்தேயாக வேண்டும். ஆற்றுத் துறையைக் காப்பவன் வழியைக் காக்கின்றான். அவனே நினைத்தால் வழியை மறிக்கவும் கூடும். பேரரசுகளின் தலைநகர் ஒன்றும் இந்நாட்டில் அமையவில்லை. எனினும் பேரரசுகளின் விதி பலமுறை இங்கேதான் நிர்ணயிக்கப்பட்டது.

படைவலியை ஒரு குடும்பத்தின் சொத்தாகக் கொண்டு, வேண்டியவர்க்கு வேண்டியபோது உதவிப் பொருள் பெறும் வழக்கம் இந்நாட்டில் சங்க காலத்திலேயே வேரூன்றியிருந்தது. திருக்கோவலூரிலிருந்து ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் துணையை நாடி மூவேந்தரும் தனித்தனியே ஆளனுப்பிப் பொருள் கொடுத்தனர் என்பதைக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டால் அறிகின்றோம். சேரனுக்காகச் சென்று கொல்லிமலைத் தலைவன் ஓரியைக் கொன்றவனும் இக்காரியே. அவன் ஊர்ந்த குதிரைக்கும் காரி என்றே பெயர் வழங்கிற்று என்பது, தலைவனையும் விலங்கையும் ஒரே பெயரால் அழைத்த அக்கால மனப்பான்மையைக் காட்டும் செய்தியாதலின் ஈண்டுக் குறிக்கத்தக்கது. பிறருக்காகப் பகை தேடிக்கொண்ட அவனது திருக்கோவலூரைத் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி வென்றழித்தான். அவ்வதியமான் பெண்ணைக் கரைக்கு வந்த செய்தி புலவர் வாக்கு மட்டுமன்று. திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் 1981ஆம் ஆண்டில் கண்டறியப்பெற்ற தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அவன் பெயரையும் அவன் அளித்த குகை உறைவிடத்தையும் ஐயத்துக்கிடமின்றிக் கூறுகின்றது. சங்க காலத்திலேயே வடபால் ஓய்மாநாட்டை, அதாவது இன்றைய திண்டிவனப் பிரதேசத்தை, நல்லியக்கோடன் ஆண்டான். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாய்க் கிடங்கல் என வழங்குகின்றது. சிறுபாணாற்றுப்படை அவனது ஈகையைப் பாடுகின்றது. காரியைப் பாடிய பாட்டுகளோ ஈகையோடு கூலிப்படையின் வலியையும் பாடுகின்றன. இவ்விரு நிலைகளில் முன்னையது மறைந்து பின்னையது நிலைத்தமையே இந்நாட்டின் சரித்திரம் என்று கூறின் அது மிகையாகாது.

பிற்காலச் சோழர் ஆட்சி வலியுற்றிருந்தபோது இக்குடும்பங்கள் அடங்கியிருந்தன. முதலாம் இராஜராஜனின் தாய் வானவன்மாதேவி மலையமான் குலத்துப் பெண்ணாதலின், அக்குலம் பகையாக அன்றி உறவாகவே தஞ்சைக்குப் பயன்பட்டது. அக்காலத்தில் ஊர்க் காரியங்கள் ஊர்ச் சபைகளின் வசம் இருந்தன. விழுப்புரத்தையடுத்த எண்ணாயிரத்துச் சபையார், முதலாம் இராஜேந்திரன் காலத்தில், 340 மாணாக்கர் உண்டு பயிலும் கல்லூரி ஒன்றைத் தம் ஏற்பாட்டில் நடத்தினர் என்றால், அச்சபையின் நிர்வாகத் திறம் எத்தகையதென்பது சொல்லாமலே விளங்கும். இத்தகைய ஊர்கள் தம் வயலையும் களத்தையும் மாட்டுப் பட்டியையும் காப்பதற்காக அளித்து வந்த கடமையே பாடிகாவல் என்பது. சிறுபாடிகாவல், பெரும்பாடிகாவல் என அது இருவகைப்படும். பயிர் விளைந்தபின் களத்து நெல்லில் ஒரு பங்கும், சிற்சில இடங்களிற் காசும் பாடிகாவற்கூலியாகச் செலுத்தப்பட்டன. கூலி என்னும் அச்சொல்லை நாம் ஊன்றி நோக்க வேண்டும். வரி அரசனுக்குரியது, கூலி வேலைக்குரியது. காவல் புரிந்தவன் ஊரின் பணியாளன் என்பதே இச்சொல்லின் உட்கருத்து.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இவ்வுட்கருத்து மெல்ல மெல்ல மாறியது. சோழப் பேரரசின் மத்திய அதிகாரம் தளரத் தளர, பல ஊர்களின் பாடிகாவலுரிமை ஒரே தலைவன் கையிற் சென்று சேர்ந்தது. அவன் மகன் அதனைத் தந்தையின் சொத்தாகவே பெற்றான். அவன் பேரன் அதனைக் கோயிலுக்குத் தானமாக அளித்துப் புண்ணியமும் தேடிக்கொண்டான். தன்னுடையதல்லாத ஒன்றை ஒருவன் தானம் செய்தல் இயலாது. ஆதலின், பாடிகாவல் வருவாயைத் தலைவர்கள் தேவதானமாக எழுதிக் கொடுக்கும் சாஸனங்கள் நடுநாட்டைச் சேர்ந்த திருமுனைப்பாடி நாட்டில் தோன்றத் தொடங்கியபோதே, ஊரின் கூலி குடும்பத்தின் சொத்தாகிவிட்டது என்று நாம் துணியலாம். அச்சாஸனங்களைப் பக்திக்குச் சான்றாக மட்டும் காட்டும் ஆசிரியர்கள் அவற்றின் பாதியையே படித்தவராவர் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வாறு எழுந்த குடும்பங்களுள் தலைசிறந்தது காடவராயர் குடும்பம். கூடல் என்னும் ஊரைத் தமக்குரியதாகக் கூறி, பல்லவர் வழியினர் எனத் தம்மைப் பெருமிதத்துடன் சாற்றிக்கொண்ட இவர்களுடைய பெயர்களே தனி ஆராய்ச்சிக்கு உரியவை. ஒருவன் ஆளப்பிறந்தான், மற்றொருவன் ஆட்கொல்லி. மனிதரைத் தின்னப் பழகிய புலிக்கு இன்று நாம் வழங்கும் சொல்லை, தன் குடிகளிடமிருந்து காவற்கூலி பெற்ற ஒரு தலைவன் விருதாகவே பூண்டிருந்தான் என்பதைக் காணும்போது, அக்காலத்துக் காவலின் இயல்பு சிறிது புலனாகின்றது. பின்னவர் சிங்கம் ஆயினர். சிங்கவிஷ்ணு, நரசிங்கவர்மன், இராஜசிங்கன் என்று பல்லவர் வழங்கிய பெயரொலியை இவர்கள் கோப்பெருஞ்சிங்கன் எனப் பெருக்கிக்கொண்டனர். சிதம்பரமாகிய தில்லையின் கோபுரம் ஒன்று சொக்கச்சீயன் பெயரால் வழங்கிற்று. சீயம் என்பதும் சிங்கமே. இவர்களுக்கு வடக்கே செங்கேணிச் சம்புவராயர் குடும்பத்தில் அத்திமல்லன் என்ற பெயர் காணப்படுகின்றது, அத்தியாவது யானை. சோழரின் புலி, பாண்டியரின் கயல், பல்லவரின் இடபம், சளுக்கரின் பன்றி என்று பேரரசர்களின் இலச்சினைகள் ஒரு வனத்தையே நினைவூட்ட, அவர்களுக்கடங்கிய தலைவர்களோ இலச்சினையோடு நில்லாது தம் பெயரையே விலங்கின் பெயராக்கிக் கொண்டனர். அச்சத்தை விளைவிப்பதே தொழிலாகிவிட்டபோது, பெயரும் அத்தொழிலுக்கு ஏற்ற கருவியாகின்றது.

குடும்பங்கள் பல எழுந்தபின் அவற்றுள் பகையும் பகையை ஒட்டிய உடன்படிக்கையும் தோன்றுதல் இயல்பு. மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சிக் காலமாகிய 1178 முதல் 1218 வரையிலான ஆண்டுகளில் பொறிக்கப்பெற்று, செங்கத்துக் கோயிலிலும் பிறவிடங்களிலும் காணப்படும் உடன்படிக்கைச் சாஸனங்கள் தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றிலேயே விசித்திரமானவை. தகடூர் அதியமான், செங்கேணிச் சம்புவராயர், கிளியூர் மலையமான் முதலிய தலைவர்கள், தம்முள் ஒருவர்க்கு நேரும் பகை மற்றவர்க்கும் பகையாகும் என்றும், ஒருவரை விட்டு ஒருவர் பிறரோடு சேர்வதில்லை என்றும் சபதம் செய்து, தாமே அவற்றைக் கல்லில் வெட்டுவித்தனர். ஆட்சியாண்டு சக்கரவர்த்தியினுடையது; சபதமோ சக்கரவர்த்தியைக் கேளாது செய்யப்பட்டது. தன் ஆணைக்கடங்கியோர் தம்முள் தனி ஒப்பந்தம் செய்து அதனை மறைக்காமல் ஊரறியப் பொறிப்பதை ஒரு பேரரசன் பொறுத்திருந்தான் எனில், அப்பேரரசு பெயரளவில் எஞ்சியிருந்தது என்றே கொள்ள வேண்டும். மூன்றாம் குலோத்துங்கன் மதுரை வரை சென்று முடிசூடிய வீரன். அவ்வீரனின் சொந்த வீட்டு வாயிலில் நிகழ்ந்தது இது.

1216இல் இளவரசுப் பட்டமேற்று அவனுக்குப் பின் முடிசூடிய மூன்றாம் இராஜராஜனிடம் அவ்வீரமும் இல்லை. 1231ஆம் ஆண்டளவில் காடவன் கோப்பெருஞ்சிங்கன் அவனைப் பிடித்துத் தன் கெடிலக் கரைக் கோட்டையாகிய சேந்தமங்கலத்திற் சிறைவைத்தான். தெள்ளாற்றில் சோழனை வென்று அவனுடைய அரச சின்னங்களைக் கவர்ந்ததாக வயலூர்க் கல்வெட்டுக் காடவனைப் புகழ்கின்றது. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி செல்லும் வழியிலுள்ள அத்தெள்ளாறு, ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை வென்று தெள்ளாறெறிந்தவன் எனப் பெயர் பெற்ற அதே களம்; பல்லவர் வழியினன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவனுக்கு அக்களத்தில் கிடைத்த வெற்றி எத்துணைப் பெருமிதத்தை அளித்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

பின்னிகழ்ந்தவற்றைக் கடலூரையடுத்த திருவயிந்திரபுரத்துத் தேவநாயகப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள நீண்ட கல்வெட்டு, நாட்குறிப்பைப் போல வரிசையாகக் கூறுகின்றது. சோழன் சிறைப்பட்டதையும் தேவாலயங்கள் அழிக்கப்பட்டதையும் செவியுற்ற ஹொய்சள வேந்தன் வீர நரசிம்மன், சோழ மண்டலத்தை மீண்டும் நிலைநிறுத்தியவன் என்ற கீர்த்தியைப் பெற்றாலன்றித் தன் எக்காளத்தை ஊதுவதில்லை எனச் சபதம் செய்து, துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டு, வழியில் மகர நாட்டைத் தகர்த்து, தன் தண்டநாயகர் அப்பண்ணனையும் சமுத்திர கோப்பையனையும் காடவன் நாட்டின்மேல் ஏவினான். அவர்கள் எள்ளேரி, கல்லியூர்மூலை, தொழுதகையூர் முதலிய ஊர்களை அழித்தனர். தில்லையில் இறைவனை வணங்கினர். பின் தொண்டைமாநல்லூர், திருவதிகை, திருவெக்கரை ஆகியவற்றை அழித்தனர். வாரணவாசி ஆற்றுக்குத் தெற்கிலும் சேந்தமங்கலத்துக்குக் கிழக்கிலும் ஊர்களைக் கொளுத்தி, பெண்டிரைப் பிடித்து, கொள்ளையிட்டனர். சேந்தமங்கலத்தின்மேற் படை நிறுத்த முற்பட்டபோதுதான் கோப்பெருஞ்சிங்கன் சோழனை விடுவிக்க இசைந்தான்.

பெருஞ்சிங்கம் ஒருபுறம், நரசிம்மம் மறுபுறம். இருவர் பெயரிலும் சிங்கம். ஒருவன் சோழ நாட்டின் கோயில்களை அழித்தான் எனக் குற்றஞ்சாட்டி வந்த மற்றவனுடைய சேனாபதிகள், அழித்த ஊர்களின் பட்டியலைப் பெருமாள் கோயிற் சுவரிலேயே பெருமையுடன் பொறித்தனர். அப்பட்டியலில் இடம்பெற்ற ஊர்களின் குடிகள் சோழனைச் சிறைப்பிடித்தவர் அல்லர். அவர்கள் பாடிகாவற்கூலி கொடுத்தவர்கள். காவலுக்கென்று தலைமுறைகளாக நெல்லளந்து கொடுத்த ஊர்கள், காவலன் செய்த செயலின் காரணமாகவே எரிந்தன. இந்நாட்டுச் சரித்திரத்தில் இதனினும் துயரமான செய்தி ஒன்றை நான் அறியேன்.

காடவர்பால் நியாயம் வழுவாது கூற வேண்டியதும் உண்டு. கோப்பெருஞ்சிங்கன் எனப் பெயரிய இருவரைத் தந்தையும் மகனுமாக அறிஞர் பலர் கொள்வர். அவருள் 1243இல் முடிசூடி 1279 வரை ஆண்ட பின்னவன் சகலபுவனச் சக்கரவர்த்தி எனத் தன்னை அழைத்துக்கொண்டு, கோதாவரிக் கரையிலுள்ள திராக்ஷாராமம் வரை சென்று 1262இல் சாஸனம் பொறித்தான். தில்லைக்கு இக்குடும்பம் செய்த திருப்பணிகள் இன்றும் கண்கூடு. சேந்தமங்கலத்து ஆபத்சகாயேசுவரர் கோயிலும், தட்டினால் ஓசையெழுப்பும் அதன் கற்குதிரைகளும் அவர்களுடைய கலையுணர்ச்சிக்குச் சான்று. சம்ஸ்கிருதத்திலும் தமிழிலும் புலமை மிக்க சாஸனங்களை எழுதுவித்தவர்கள் அவர்கள். ஆயினும் காவற்கூலியில் தோன்றிய அதிகாரம், தன்னினும் பெரிய வலிமைக்கு முன் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கும் அவர்களே சான்று. 1251இல் முடிசூடிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, காடவனின் யானைகளையும் பொருளையும் கவர்ந்து, பின்னர் அவனுடைய நாட்டை அவனுக்கே அளித்தான். 1279க்குப் பின் அக்குடும்பம் சரித்திரத்தினின்று மறைகின்றது.

மறைந்தவர் விட்ட இடத்தைச் சம்புவராயர் பற்றினர். படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு, திண்டிவனத்தைச் சூழ்ந்த முன்னூர் முதலிய ஊர்களிலும் சாஸனங்களை விட்டுச்சென்ற இவர்கள், பதினான்காம் நூற்றாண்டில் எவர்க்கும் கீழ்ப்படியாத தனியரசர் ஆயினர். இராஜநாராயணச் சம்புவராயன் காலத்தில், 1360களின் தொடக்கத்தில், விஜயநகரத்துக் குமார கம்பணன் படைவீட்டின் வலியை ஒடுக்கினான். அவன் மனைவி கங்காதேவி இயற்றிய மதுராவிஜயம் இப்போரைக் கூறுகின்றது.

குடும்பங்கள் மாறின, காவற்கூலி மாறவில்லை. விஜயநகர ஆட்சியில் அது தலையாரிக்கம் என்ற பெயரில் ஓங்கிற்று. நாயக்கர் காலத்திலும் அதன் பின்னரும் பாளையக்காரர் தம் எல்லைக்கப்பாலுள்ள ஊர்களிலும் திசைகாவல் என்ற பெயரால் அதனைப் பெற்றனர். தென்பாண்டிச் சீமையில் துப்புக்கூலி என ஒன்று இருந்தது. களவுபோன மாட்டை மீட்டுத் தருபவனுக்கு உடைமையாளன் கொடுக்கும் தொகை அது. மாட்டைக் கொண்டுபோனவனுக்கும் துப்புச் சொன்னவனுக்கும் உறவு இருத்தல் அரிதன்று. கூலி கொடாத ஊரில் களவு மிகும்; கொடுத்த ஊரில் குறையும். இம்முறையை நம் நாட்டுக்கே உரிய இழிவாகக் கருதுவோர் ஐரோப்பாவையும் சற்று நோக்க வேண்டும். சிசிலித் தீவில் எலுமிச்சைத் தோட்டங்களுக்கும் பெருநிலங்களுக்கும் காவலராய் அமர்ந்தோரிடையேதான் மாபியா எனப்படும் குற்றக் குடும்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தழைத்தன. 1876ஆம் ஆண்டில் அங்குச் சென்று விசாரித்த லெயோபோல்தோ பிராங்கெத்தி என்னும் இத்தாலியர், பலாத்காரம் அங்கே ஒரு தொழிலாகவே நடைபெறுவதை விளக்கியுள்ளார். கெடிலக் கரையின் கல்வெட்டுகளை அவர் கண்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்.

1801இல் கர்நாடகப் பிரதேசம் கிழக்கிந்தியக் கும்பினியின் நேர் ஆட்சிக்குட்பட்டபின், காவற்கூலி பெறும் உரிமை தலைவர்களிடமிருந்து படிப்படியாகப் பறிக்கப்பட்டது. 1816ஆம் ஆண்டின் பதினோராவது ரெகுலேஷன் ஊர்த் தலைவரையும் தலையாரியையும் சர்க்காரின் போலீஸ் அமைப்பில் ஓர் அங்கமாக்கியது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் படையை ஏற்படுத்தியது. பெரிய குடும்பங்கள் ஜமீன்களாகவும் மிராசுகளாகவும் உருமாறித் தப்பின. அவர்களுக்காகக் கம்பு பிடித்து இரவெல்லாம் வயலைச் சுற்றிவந்த எளிய காவற்காரர்களோ தொழிலிழந்தனர். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தபோது, காவற்றொழில் புரிந்த குடிகள் சிலர் பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனப் பதிவு செய்யப்பட்டனர். நாடு முழுவதிலும் அச்சட்டம் நீங்க 1952 வரை காத்திருக்க நேர்ந்தது. சக்கரவர்த்தியைச் சிறைபிடித்தவனுக்குச் சரித்திரம் மெய்க்கீர்த்தி தந்தது. களத்து நெல்லில் மரக்கால் அளந்து பெற்றவனுக்குக் கைரேகைப் பதிவு தந்தது. இவ்வநீதியை இந்நாட்டுச் சரித்திர ஆசிரியர்கள் இன்னும் போதிய அளவு எடுத்துரைக்கவில்லை.

காவல் கூலியாய் இருந்த வரையில் ஊர் காவலனை மாற்ற முடிந்தது. அது குடும்பச் சொத்தான நாள் முதல் ஊருக்கு அவ்வுரிமை இல்லாதொழிந்தது. எண்ணாயிரத்துச் சபையின் காலத்துக்கும் சேந்தமங்கலத்துக் கோட்டையின் காலத்துக்கும் இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் இந்நாடு இழந்தது அந்த ஓர் உரிமையையே. ஏனைய இழப்புகள் யாவும் அதனைப் பின்பற்றி வந்தவையே என்பது என் துணிபு.

விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்கள் பௌர்ணமிதோறும் திருவக்கரைக்குச் சென்று வக்கிரகாளியை வழிபடுகின்றனர். சங்கராபரணிக் கரையில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரங்களையும் கண்டு மீள்கின்றனர். அப்பண்ணனும் சமுத்திர கோப்பையனும் அழித்ததாகக் கல்லில் எழுதிய திருவெக்கரை அவ்வூரே என்பது அறிஞர் கருத்து. அடுத்த முறை அங்குச் செல்லும் அன்பர்கள், ஒரு நாள் ஒதுக்கித் திருவயிந்திரபுரத்துக்கும் சென்று, அச்சுவரின்முன் நின்று, அந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றேன்.